மாங்காய் மண்டியின் ஒன்பது போன்கள்: ஏடிபி வைத்துச் செய்த வேலை

மே மாதம் பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்காய் மண்டிகளில் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. பெங்களூரா ரக மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கும். எடை போட்டு, சீட்டு எழுதி, மாங்கூழ் ஆலைக்கு ஏற்றி அனுப்பியாக வேண்டும். எனக்குப் பழக்கமான மண்டி ஒன்றில் ஒவ்வொரு எடைச்சீட்டையும் போனில் படம்பிடித்து அங்கேயே விவசாயிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். இதற்கென்றே ஒன்பது பழைய ஆண்ட்ராய்டு போன்கள் அங்கே உண்டு. எல்லாம் பெங்களூரிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்தவை.

சீசனுக்கு முன் அவற்றை டிராயரிலிருந்து எடுத்துச் சார்ஜ் போட்டபோது நிலைமை சரியில்லை. ஐந்து போன்கள் இடமில்லை என்றன. இரண்டில் திரையைத் திறந்தாலே விளம்பரம் பாய்ந்து வந்தது. ஒன்றில் படம் தெரிந்தது, டச் வேலை செய்யவில்லை. ஒன்றின் சார்ஜிங் துளை ஆடிக்கொண்டிருந்தது. கடையில் கேட்டதற்கு எல்லாவற்றையும் ஃபேக்டரி ரீசெட் அடித்துவிடலாம் என்றார்களாம். மண்டிக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. “போன வருடச் சீட்டெல்லாம் அதற்குள் கிடக்கிறது. பாக்கி வராத சீட்டை எப்படித் தம்பி அழிப்பது?” என்றார். நியாயமான கேள்வி. பழைய லேப்டாப்பையும் இரண்டு கேபிள்களையும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஏடிபி என்பது கூகுள் இலவசமாகத் தரும் ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ், கணினியிலிருந்தே போனுக்குக் கட்டளையிடும் கருவி. செயலி எழுதுபவர்களுக்காகச் செய்யப்பட்டது என்றாலும், ஒரு மேசை நிறையப் போன்களை வைத்துக்கொண்டு அல்லாடுபவருக்கு அதைவிட நல்ல கருவி இல்லை என்பது என் எண்ணம். ஒவ்வொரு போனிலும் செட்டிங்ஸ் மெனுவைத் துழாவும் வேலை மிச்சம். இதில் மூன்று பங்குகள் உண்டு. நாம் கட்டளை தட்டும் நிரல் ஒன்று. கணினியின் பின்னணியில் 5037ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள இணைப்பு வாசலில், உட்கார்ந்திருக்கும் சர்வர் ஒன்று. போனுக்குள் இயங்கிக் கட்டளையை நிறைவேற்றும் ஏடிபிடி ஒன்று. எது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான், வேலை நின்றுபோகும்போது எங்கே பார்ப்பது என்று தெரியும். என் லேப்டாப்பில் ஓடும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தில் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே ஏடிபி கிடைக்கிறது. கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி எழுதுகிறேன். டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் போன் நம்மை உள்ளே விட வேண்டும். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய், பில்டு எண் மீது ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தோன்றும். ஆண்ட்ராய்டு 4.2 முதல் இப்படித்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதற்குள், கணினியின் கட்டளைகளை ஏற்கச் சொல்லும் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டும். ஒரு போனில் மெனு முழுதும் கன்னடத்தில் இருந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் அக்கா ஒருவர் வாங்கிப் பார்த்து, இரண்டு நிமிடத்தில் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தார். நம் மாவட்டத்தில் இதற்கெல்லாம் ஆள் தேட வேண்டியதில்லை.

அடுத்தது கேபிள். இணையவில்லை என்ற புகாரில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். சிவப்பும் கருப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. மலிவான சார்ஜர் கேபிள்கள் சிலவற்றில் பின்னவை இரண்டும் கிடையாது. சார்ஜ் ஏறும், மின்னல் குறியும் காட்டும், கணினிக்கு மட்டும் அப்படி ஒரு போன் இருப்பதே தெரியாது. மண்டி மேசையில் கிடந்த கேபிள்களில் பாதி இந்த ரகம். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்று தட்டினால், கணினியில் செருகியிருக்கும் எல்லாச் சாதனங்களும் வரிசையாக வரும். போனைச் செருகுவதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை தட்டிப் பார்த்தேன். வரிசையில் ஒரு வரி கூடவில்லை என்றால் ஏடிபியைத் திட்டிப் பயனில்லை. கேபிளோ துளையோதான் காரணம்.

கேபிளை மாற்றியும் இரண்டு போன்கள் தலைகாட்டவில்லை. டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தேன். மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பால் கையில் பட்டு, கையிலிருந்து போனுக்குப் போய், சாக்குத் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு கருப்புப் பிசினாக இறுகிக் கிடந்தது. கேபிளின் முனை முழு ஆழம் போகாமல் பாதியிலேயே நின்றது. போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியின் நுனியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாகத் தோய்த்து, ஓரமாகச் சுரண்டி எடுத்தேன். ஊசி, குண்டூசி பக்கம் போகவே கூடாது. டைப் சி துளையின் நடுவில் நிற்கும் நாக்கு வளைந்தால் சார்ஜிங் போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். நன்றாக உலரவிட்டுச் செருகினால், கேபிள் க்ளிக் என்று உட்கார்ந்தது. இரண்டு போன்களும் எல்எஸ்யூஎஸ்பி வரிசையில் வந்துவிட்டன.

கம்பி சரி என்று ஆன பிறகுதான் ஏடிபி டிவைசஸ். அது போனின் தொடர் எண்ணையும் பக்கத்தில் ஒரு சொல்லையும் காட்டும். டிவைஸ் என்று வந்தால் கதவு திறந்துவிட்டது. எல்எஸ்யூஎஸ்பியில் தெரிந்த போன் இங்கே வரவே இல்லை என்றால் டீபக்கிங் அணைந்திருக்கிறது. நோ பெர்மிஷன்ஸ் என்று வந்தால் தடுப்பது போன் அல்ல, லினக்ஸ். எந்தச் சாதனத்தை யார் தொடலாம் என்று சொல்லும் யூடெவ் விதிகள் இல்லாததால் அந்தச் சாதனத்தைத் தொட நமக்கு உரிமை தரவில்லை. ஆண்ட்ராய்டு எஸ்டிகே பிளாட்ஃபார்ம் டூல்ஸ் காமன் என்ற பொதியை நிறுவிவிட்டுக் கேபிளைப் பிடுங்கிச் செருகினால் சரியாகும். முழு அதிகாரம் தரும் சூடோ போட்டு ஏடிபியை ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சர்வர் ரூட் கணக்கில், வேறு அடையாளச் சாவியோடு எழும்பும். நாளை சாதாரணக் கணக்கில் தொடங்கும்போது போன் நம்மைப் புதிய ஆளாகப் பார்க்கும். அந்தச் சிக்கலே வேண்டாம்.

அன்ஆதரைஸ்டு என்று வந்தால் போனின் திரையைப் பார்க்க வேண்டும். இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி, கணினியின் அடையாளமான ஆர்எஸ்ஏ சாவியின் கைரேகை எனப்படும் சுருக்கக் குறியோடு காத்திருக்கும். திரை பூட்டியிருந்தால் பெட்டி கண்ணில் படாது. திறந்துவிட்டு அனுமதிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 4.2.2-இல் வந்த இந்தக் காவல் மிக நல்ல ஏற்பாடு. இல்லையென்றால் பேருந்து நிலையத்தில் சார்ஜ் போடச் செருகிய போனை யார் வேண்டுமானாலும் குடைந்துவிடலாம். ஆண்ட்ராய்டு 11 முதல், ஏழு நாள் இணையாத கணினியின் அனுமதி தானாகவே காலாவதியாகிவிடும். போன வாரம் வேலை செய்தது இன்று கேட்கிறதே என்று திகைக்க வேண்டாம்.

சீட்டுகளை மீட்பதுதான் முதல் வேலை. ஃபைல் மேனேஜர் வழியாக, எம்டிபி என்ற வழக்கமான முறையில் இழுத்தால், ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். பாதியில் அறுந்தால் எது வந்தது, எது வரவில்லை என்றும் தெரியாது. கோப்புகளைக் கணினிக்கு இழுக்கும் ஏடிபி புல் கட்டளைக்கு இந்தத் தொல்லை குறைவு. அதோடு மைனஸ் ஏ என்ற சுவிட்சைச் சேர்க்க மறக்கக் கூடாது. அது இருந்தால்தான் கோப்பின் பழைய தேதி அப்படியே வரும். இல்லாவிட்டால் எல்லாச் சீட்டும் இன்றைய தேதியில் நிற்கும், கணக்குப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொள்வார். கேமரா படங்கள் எஸ்டிகார்டு, டிசிஐஎம் பாதையில் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள் புதிய போன்களில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்அப் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். பழைய போன்களில் மேல்தளத்திலேயே வாட்ஸ்அப் என்ற பெயரில் கிடைக்கும். அனுப்பிய படங்கள் அதற்குள் சென்ட் என்ற உட்ஃபோல்டரில் தனியாக இருக்கும். இந்த மண்டிக்கு அதுதான் முக்கியம்.

இழுத்து முடித்ததும் அழிக்கக் கை துறுதுறுக்கும். அதற்கு முன் ஏடிபி ஷெல் ஃபைண்ட் போட்டுப் போனில் உள்ள கோப்புகளை எண்ணினேன், லேப்டாப்பிலும் எண்ணினேன். இரண்டும் ஒத்துப்போன பிறகு இன்னொரு பிரதி பென்டிரைவுக்குப் போனது. அதன்பின் ஏடிபி ஷெல் டியூ கொண்டு எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்தால், எடைச்சீட்டுகள் பிடித்த இடம் சொற்பம். வாட்ஸ்அப் வீடியோ ஃபோல்டர்தான் குண்டாக இருந்தது. காலை வணக்கம், கோயில் தேர், யாரோ பாம்பு பிடிக்கும் காட்சி. அவற்றை நீக்கியதற்கு யாரும் வருத்தப்படவில்லை. பிறகு ஏடிபி ஷெல் பிஎம் டிரிம் கேச்சஸ் என்று தட்டி, பக்கத்தில் பெரிய அளவு ஒன்றைக் கொடுத்தால் எல்லாச் செயலிகளின் தற்காலிகக் குப்பையும் ஒரே அடியில் காலியாகும். ஒவ்வொரு செயலியாகப் போய் கிளியர் கேச் அழுத்த வேண்டியதில்லை.

விளம்பரப் போன்கள் இரண்டும் சுவாரசியமானவை. எந்தச் செயலி விளம்பரத்தைக் கொண்டு வருகிறது என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூடும் குறியை அழுத்தினால் மறைந்துவிடும், சற்று நேரத்தில் திரும்ப வரும். இதற்கு ஏடிபியில் ஒரு வழி இருக்கிறது. விளம்பரம் திரையில் நிற்கும்போதே, அதைத் தொடாமல், ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் விண்டோ என்று தட்டி, வரும் நீண்ட பட்டியலில் எம்கரன்ட்ஃபோகஸ் என்ற வரியை மட்டும் கிரெப் கட்டளையால் வடிகட்டிப் பார்த்தேன். அந்த வரியில் திரையை அந்த நொடியில் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பொதியின் பெயரோடு, அதாவது செயலியின் உட்பெயரோடு, இருக்கும். ஒன்றில் அது டார்ச் லைட் செயலி. போனிலேயே டார்ச் இருக்கும்போது அதற்கென்று ஒன்றை இறக்கியிருந்தார்கள். இன்னொன்றில் பேட்டரியைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் செயலி. டார்ச்சை ஏடிபி அன்இன்ஸ்டால் ஒரே வரியில் தூக்கியது. பேட்டரிக்காரன் அசையவில்லை. தன்னை நீக்கவிடாமல் தடுக்கும் டிவைஸ் அட்மின் உரிமை வாங்கி வைத்திருந்தான். செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் அந்த உரிமையைப் பிடுங்கிய பிறகு அடுத்த நொடியே போய்விட்டான்.

போனோடு வரும் வேண்டாத செயலிகள் வேறு கதை. பிஎம் அன்இன்ஸ்டால் கட்டளையோடு யூசர் சைபர் என்று சேர்த்தால் அவற்றையும் நம் கணக்கிலிருந்து நீக்கலாம். உண்மையில் அவை போனின் சிஸ்டம் பகுதியில் அப்படியேதான் இருக்கும். சிஎம்டி பேக்கேஜ் இன்ஸ்டால் எக்ஸிஸ்டிங் என்று சொன்னால் திரும்பி வந்துவிடும். ஆனாலும் நான் நீக்குவதில்லை. பிஎம் டிஸேபிள் யூசர் கொண்டு முடக்கி வைப்பதோடு சரி. இணையத்தில் கிடைக்கும் நீண்ட பட்டியல்களை அப்படியே ஒட்டி ஓட்டுபவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஏதோ ஒரு சிஸ்டம் பொதியைப் பிடுங்கிவிட்டால் போன் மறுபடி எழும்பாமலே போகலாம், அப்போது டீபக்கிங்கும் கைக்கு வராது. பெயரைப் படித்து இன்னது என்று தெரிந்தால் மட்டுமே கை வைக்க வேண்டும்.

டச் செத்த போனில்தான் மூளைக்கு வேலை. டீபக்கிங்கை இயக்கவே திரையைத் தொட வேண்டும், திரையோ தொட்டால் கேட்பதில்லை. போன் துளையில் மாட்டும் ஓடிஜி என்ற இணைப்பு முனையில் மவுஸைச் செருகினால் அம்புக்குறி வரும், டீபக்கிங்கை இயக்கிவிடலாம். ஆனால் லேப்டாப்பில் இணைக்க வேண்டுமென்றால் மவுஸைப் பிடுங்கியாக வேண்டும், இருப்பது ஒரே துளை. அனுமதிப் பெட்டி வந்து நிற்கும்போது அதை அழுத்த மவுஸ் இருக்காது. இதை அவிழ்த்தது, போன் திரையைக் கணினியில் காட்டி அங்கிருந்தே இயக்க உதவும், ஸ்கிரீன் காப்பி என்று உச்சரிக்கப்படும் கட்டற்ற மென்பொருள். எழுதும்போது எஸ்சிஆர்சிபிஒய். ஜெனிமொபைல் நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. அதன் புதிய பதிப்புகளில் ஓடிஜி என்ற சுவிட்ச் இருக்கிறது. அதைக் கொடுத்து ஓட்டினால் லேப்டாப்பின் மவுஸும் விசைப்பலகையும் அதே கேபிள் வழியாகப் போனுக்கு நேரடியாகச் செருகியவை போல நடந்துகொள்ளும். இதற்கு ஏடிபியோ டீபக்கிங்கோ தேவையில்லை. கணினியில் படம் வராது, நமக்கோ போன் திரை தெரிகிறதே, அது போதும். பூட்டு எண்ணை லேப்டாப் விசைப்பலகையில் தட்டித் திறந்தேன். மவுஸ் கொண்டு பில்டு எண்ணை ஏழு முறை அழுத்தினேன். டீபக்கிங்கை இயக்கியதும் அனுமதிப் பெட்டி வந்தது, அதையும் அழுத்தியாயிற்று. கேபிளைப் பிடுங்கவே இல்லை.

அதன் பிறகு சுவிட்ச் எதுவும் இல்லாமல் ஸ்கிரீன் காப்பியை ஓட்ட, போனின் திரை லேப்டாப்பில் வந்துவிட்டது. கணக்குப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரிய எழுத்தில் வாட்ஸ்அப்பைப் பார்த்ததும், “இதை இப்படியே விட்டுவிடுங்கள், டிஸ்பிளே மாற்ற வேண்டாம்” என்றார். மண்டிக்காரருக்கும் செலவு மிச்சம். ஆகவே அந்தப் போன் இனி கணக்கு மேசையில், மண்டியின் கணினியோடு கட்டிப்போட்டபடியே இருக்கும்.

மீதிப் போன்களில் ஒரே மாதிரி அமைப்புகளைச் செய்ய வேண்டியிருந்தது. எடை மேடைக்காரர்கள் சிலருக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து சின்னதாகத் தெரிகிறது, சீட்டு எழுதுவதற்குள் திரை அணைந்துபோகிறது. செட்டிங்ஸ் புட் சிஸ்டம் என்று தொடங்கி, ஃபான்ட் ஸ்கேலை 1.3 என்றும், ஸ்கிரீன் ஆஃப் டைம்அவுட்டை 300000 என்றும் வைத்தேன். இரண்டாவது மில்லி நொடிக் கணக்கு, அதாவது ஐந்து நிமிடம். ஒரு நிறுவனத்தின் போன்களில் மட்டும் இதற்கும் தடை. டீபக்கிங்கின் கீழே பாதுகாப்பு அமைப்புகளுக்கென்று இன்னொரு பொத்தானை இயக்க வேண்டும், அதற்கு சிம் இருக்க வேண்டும், அவர்கள் கணக்கிலும் நுழைந்திருக்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருந்தது.

எல்லாவற்றையும் யூஎஸ்பி ஹப்பில் செருகியதும் ஏடிபி, ஒன்றுக்கு மேற்பட்ட சாதனம் இருக்கிறதே, எதைச் சொல்கிறாய் என்று பிழை காட்டும். மைனஸ் எஸ் போட்டுத் தொடர் எண்ணைக் கொடுத்தால் அந்தப் போனோடு மட்டும் பேசும். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் எல்லாப் போன்களும் சார்ஜ் உறிஞ்சத் தொடங்கினால் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். அடாப்டர் உள்ள ஹப் வேண்டும். ஏடிபி டிவைசஸ் தரும் எண்களை ஒவ்வொன்றாக எடுத்து அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப இயக்கும் ஒயில் ரீட் சுழற்சியில் ஓட்டுவோருக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. முதல் போனில் வேலை முடிந்ததும் சுழற்சி நின்றுவிடும். ஏடிபி ஷெல் மீதமுள்ள எண்களைத் தனக்கு வந்த உள்ளீடு என்று நினைத்து விழுங்கிவிடுவதுதான் காரணம். ஷெல்லோடு மைனஸ் என் சேர்த்தால் விழுங்காது.

அதே சுழற்சியில் டம்ப்சிஸ் பேட்டரியையும் ஓட்டிப் பார்த்தேன். வெப்பநிலை பத்தில் ஒரு டிகிரிக் கணக்கில் வரும். 412 என்றால் 41.2 டிகிரி. தகரக் கொட்டகையின் கீழ் அது வியப்பில்லை. ஹெல்த் என்ற இடத்தில் எல்லாப் போன்களும் 2, அதாவது நலம் என்றே சொல்லின. அவற்றில் ஒன்றை மேசையில் படுக்க வைத்தால் பம்பரம் போலச் சுற்றியது. பின்மூடி நடுவில் புடைத்து, திரையின் ஓரம் ஒரு நகக்கண் அளவு விலகியிருந்தது. பேட்டரி வீங்கிவிட்டது. மென்பொருள் சொல்லும் நலம் வெறும் மின்னழுத்தமும் சூடும் பார்த்துச் சொல்வது, வயிறு உப்பியிருப்பது அதற்குத் தெரியாது. சீட்டுகளை முன்பே எடுத்துவிட்டதால் அந்தப் போனை அணைத்து, சார்ஜ் போடாமல், சாக்குகள் இல்லாத சிமென்ட் தரையில் தனியாக வைக்கச் சொன்னேன். குத்திப் பார்க்கலாமா என்று கேட்ட பையனை அங்கிருந்து விரட்ட வேண்டியிருந்தது.

துளை ஆடும் போன் கடைசி. அது ஆண்ட்ராய்டு 9. கேபிளை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் டிவைஸ், விட்டால் ஆஃப்லைன். ஆண்ட்ராய்டு 11 முதல் வயர்லெஸ் டீபக்கிங் இருப்பதால், ஆறு இலக்க எண் கொடுத்து ஏடிபி பேர் செய்தால் கேபிளே வேண்டாம். இதில் அந்த வசதி இல்லை. ஆகவே கேபிளை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏடிபி டிசிபிஐபி 5555 என்று மட்டும் தட்டினேன். அந்த ஒரு கட்டளை உள்ளே போக ஒரு கணம் இணைப்பு நின்றால் போதும். பிறகு மண்டியின் வைஃபையில் போனின் ஐபி எண்ணைக் கொடுத்து ஏடிபி கனெக்ட். கேபிளை விட்டுவிட்டுப் படங்களை இழுத்தேன். மெதுவாகத்தான் வந்தன, ஆனால் அறாமல் வந்தன.

இந்த 5555ஐத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகக் கூடாது. 2018 பிப்ரவரியில் ஏடிபி மைனர் என்ற, தானாகப் பரவும் புழு நிரல், இணையத்துக்குத் திறந்து கிடந்த இதே போர்ட் வழியாகத்தான் ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளிலும் போன்களிலும் புகுந்து மறைநாணயம் தோண்டியது. ஏடிபி யூஎஸ்பி என்று தட்டினாலோ போனை ரீஸ்டார்ட் செய்தாலோ போர்ட் மூடிக்கொள்ளும். கணக்கு மேசைப் போனுக்கு மண்டியின் கணினியை அதே ஓடிஜி வழியில் அனுமதித்துவிட்டேன், அதில் மட்டும் டீபக்கிங் இயங்கும். மற்றவற்றில் அணைத்து, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் கணினி அனுமதிகளையும் ரத்து செய்துவிட்டேன்.

ஆடும் துளைக்குப் புதிய சார்ஜிங் போர்டு போட அந்தப் போன் கிருஷ்ணகிரிக்குப் போயிருக்கிறது. வீங்கிய போனுக்குப் பதில் ஒன்று வாங்குவதாக மண்டிக்காரர் சொல்லியிருக்கிறார். மற்ற ஆறும் எடை மேடையில் இருக்கின்றன. சீட்டுகள் தேதிவாரியாகப் பென்டிரைவில் ஏறிவிட்டன, அவற்றில் பாக்கி வராதவற்றைக் கணக்குப்பிள்ளை தனி ஃபோல்டருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்.